ஒரு ஷாட்டின் எடை

பந்தைத் தொலைதூரம் அடிக்க முடியாத ஒருவர் உலகின் முன்னணி வீராங்கனைகளோடு எப்படி மோதுகிறார்? அதிதி அசோக்கின் கோல்ஃப், ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் போடப்படும் கணக்குகளில் இருக்கிறது.

கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாமல் கோல்ஃப் பார்ப்பதற்காக 2021 ஆகஸ்ட் 7 அன்று விடியுமுன் எழுந்த இந்தியர்கள் ஏராளம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கோல்ஃபின் கடைசி நாள் அது. மூன்று நாள் ஆட்டம் முடிந்திருந்தது. உலகத் தரவரிசையில் 200வது இடத்தில் இருந்த பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், முதல் இடத்தில் இருந்த அமெரிக்காவின் நெல்லி கோர்டாவுக்கு அடுத்தபடியாக, வேறு யாரோடும் பகிர்ந்துகொள்ளாமல், இரண்டாவது இடத்தில் நின்றார். அப்போது அவருக்கு வயது 23. ஒலிம்பிக் கோல்ஃபில் இந்தியாவுக்குப் பதக்கம் என்பது அதற்கு முன் யாரும் பேசிக்கூடப் பார்க்காத விஷயம்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோர்டா 267 ஷாட்டுகளில் தங்கம். ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 268. இருவருக்கும் இடையே நடந்த கூடுதல் ஆட்டத்தில் இனாமிக்கு வெள்ளி, கோவுக்கு வெண்கலம். அதிதி 269. நான்காவது இடம். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றதால் தேசம் கோல்ஃபை மறந்து வேறு கொண்டாட்டத்துக்குப் போய்விட்டது.

அந்த ஒரு ஷாட் எங்கே போயிற்று? பார்த்தவர்களைக் கேட்டால் கடைசிக் குழியைக் காட்டுவார்கள். 18வது குழியில் அதிதி உருட்டிய பந்து உள்ளே போயிருந்தால் மூவரும் 268. பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் அவரும் இருந்திருப்பார். பந்து போகவில்லை. தொலைக்காட்சிக்கு வசதியான பதில் இது. ஆனால் இந்த ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்கு எளிமையானதுதான். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகளில் பந்தைப் போட வேண்டும் என்று ஓர் எண் உண்டு. அது பார். ஒன்று குறைவாக அடித்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. டோக்கியோ போட்டி நடந்த கசுமிகசேகி மைதானத்தில் 18 குழிகளுக்கும் சேர்த்துப் பெண்களுக்கு பார் 71. நான்கு நாளில் 72 குழிகள், 284 அடிகள். அதிதி அடித்தது 67, 66, 68, 68. அதாவது பாருக்கு 15 குறைவு. ஒவ்வொரு நாளும் ஐந்து பேர்டி. நான்கு நாளில் 20. போகி மொத்தம் ஐந்தே ஐந்து.

இந்த ஐந்தில்தான் விஷயம் இருக்கிறது. கடைசி நாளில் 9வது குழியிலும் 11வது குழியிலும் போகி. மூன்றாம் நாள் இரண்டு. இரண்டாம் நாள் ஒன்றுகூட இல்லை. முதல் நாள் 17 குழிகளை எந்தப் பிசகும் இல்லாமல் முடித்தவர், 18வது குழியில் ஒரு போகி அடித்துவிட்டுக் களத்தைவிட்டு வந்தார். புதன்கிழமை விழுந்த அந்த ஒரு ஷாட்டும் சனிக்கிழமை உள்ளே போகாத ஷாட்டும் ஒரே எடை. புதன்கிழமை அதைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் நாளே முன்னணிக்கு ஒரு ஷாட் பின்னால் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த ஆட்டக்காரரிடம் யார் குறை காண்பார்கள்?

நீளத்தின் ஆட்சி

அதிதியின் கதையில் உண்மையான சிக்கல் இந்த ஐந்து போகிகள் அல்ல. இன்றைய கோல்ஃபை ஆள்வது நீளம். முதல் அடியை எவ்வளவு தொலைவு அடிக்கிறோம் என்பது. அந்தப் பட்டியலில் அவர் டோக்கியோவில் கடைசி வரிசையில் இருந்தார். எப்போதுமே அவர் நீளமாக அடிப்பவரல்ல. போதாக்குறைக்கு ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு கொரோனா தாக்கியது. இருந்த நீளத்திலும் கொஞ்சம் போய்விட்டது என்று அவரே அப்போது சொன்னார்.

நீளம் குறைந்தால் என்ன ஆகும்? 400 கெஜக் குழியில் கோர்டா போன்றவர் முதல் அடியிலேயே வெகுதூரம் போய்விடுவார். இரண்டாவது அடிக்குச் சிறிய இரும்பு மட்டை போதும். பந்து உயரமாக எழும்பி, கிரீன் எனப்படும் குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில் விழுந்து, அங்கேயே நிற்கும். அதிதி அதே இடத்துக்கு நீண்ட மட்டையால் அடித்தாக வேண்டும். பந்து தாழ்வாகப் போகும், விழுந்து ஓடும், குழிக்குத் தொலைவில் நிற்கும். சில சமயம் கிரீனைத் தாண்டியும் போகும். ஆக, எதிராளி எட்டடியில் நின்று பேர்டிக்கு முயலும்போது இவர் முப்பதடியில் நிற்பார்.

இதை எண்ணாகவே காட்டியவர் ஒருவர் இருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. வணிகப் பள்ளியில் நிதிக் கணக்கு சொல்லித் தருபவர். அமெரிக்க பிஜிஏ டூர் போட்டிகளில் ஒவ்வொரு ஷாட்டையும் அளந்து பதிந்த விவரங்களைக் கொண்டு அவர் கண்டுபிடித்த கணக்குமுறை கோல்ஃபையே மாற்றிவிட்டது. உதாரணமாக, எட்டடித் தூரத்திலிருந்து பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய பாதி தடவைதான் பந்தைக் குழிக்குள் போடுகிறார்கள். ஆகவே அங்கிருந்து முடிக்கச் சராசரியாக ஒன்றரை அடி தேவை. ஒரே அடியில் போட்டவர் அரை ஷாட் லாபம் சம்பாதித்தார். இரண்டு அடி எடுத்தவருக்கு அரை ஷாட் நஷ்டம். இப்படி ஒவ்வொரு அடிக்கும் வரவு செலவு எழுதலாம். அடகுக் கடைக் கணக்குப்பிள்ளைக்குக்கூடப் புரியும் முறை. பிஜிஏ டூர் 2011இல் புட்டிங் விஷயத்தில் இதை அதிகாரபூர்வமாக ஏற்றது. 2014இல் பிராடி புத்தகமும் எழுதினார்.

அவர் கண்ட முடிவு பலருக்கும் கசந்தது. முன்னணி ஆட்டக்காரர்கள் சராசரி ஆட்டக்காரர்களைவிடப் பெறும் லாபத்தில் குழிக்குள் பந்தை உருட்டும் புட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம் மட்டுமே. கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளுக்கு 40 சதவீதம். முதல் அடிக்கு 28. மீதி கிரீனைச் சுற்றி ஆடும் சின்ன அடிகளுக்கு. 20 கெஜம் கூடுதலாக அடித்தால் ஒரு நாளைக்கு முக்கால் ஷாட் மிச்சம் என்பதும் அவர் கணக்கு. நான்கு நாளில் மூன்று ஷாட். இவை ஆண்களின் ஆட்டத்திலிருந்து எடுத்தவை. ஆனாலும் திசை ஒன்றுதான். காலங்காலமாகச் சொல்லப்பட்ட ‘முதல் அடி வெறும் காட்சி, காசு புட்டிங்கில்தான்’ என்ற மைதானப் பழமொழியை எண்கள் தலைகீழாக்கிவிட்டன.

அந்த எண்களின்படி அதிதி டோக்கியோவில் பதக்கத்துக்கு அருகில்கூட வந்திருக்கக் கூடாது. வந்தார். அந்த வாரம் புட்டிங்கில் மொத்த ஆட்டக்காரர்களில் முன்னணியில் இருந்தவர் அவர்தான். 15 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டு மற்ற 85 சதவீதத்தோடு நான்கு நாள் மல்லுக்கட்டினார்.

சிப்பும் புட்டும்

இந்த வழியில் போன முதல் இந்தியர் அவர் அல்ல. கல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியா பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையான ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஊழியரின் மகன். கிளப்பின் வேலிக்குள்ளேயே வளர்ந்து, ஆட்டத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டவர். உருவத்திலும் சிறியவர், அடியிலும் சிறியவர். சிப், புட் என்ற இரண்டு சிறிய அடிகளை அவர் ஆடும் லாவகத்தைப் பார்த்துச் சக ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சிப்புட்சியா’. அந்தச் சிப்பையும் புட்டையும் வைத்துக்கொண்டே 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் ஐரோப்பிய ஆட்டக்காரர்களை வென்றார். 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓப்பன் பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

2016இல் அது நடந்த டெல்லி கோல்ஃப் கிளப் மைதானம் சௌராசியாவுக்கென்றே வெட்டியது போன்றது. லோடி காலத்துக் கல்லறைகளுக்கு நடுவே குறுகலான பாதைகள், இரண்டு பக்கமும் முள்மரக் காடு. பந்து உள்ளே போனால் போனதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பலசாலிகள் பலர் அங்கே மிக நீளமான மட்டையைப் பையிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. நீளம் செல்லாக்காசாகும் இடங்கள் உலகில் சில உண்டு. அவற்றைத் தேடிப் பிடிப்பதும் தயாரிப்பில் ஒரு பகுதிதான். ஆனால் ஒலிம்பிக் நடக்கும் இடத்தை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்க முடியாது.

அதிதியின் பின்னணி வேறு. பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானத்தை ஒட்டிய உணவு விடுதிக்குப் பெற்றோரோடு போய்வந்த ஐந்து வயதுக் குழந்தை, வேலிக்கு அப்பால் நடப்பது என்ன என்று கேட்டதில் ஆரம்பித்தது. அப்பா அசோக் குட்லமணிக்கோ அம்மா மகேஷ்வரிக்கோ முன் அனுபவம் கிடையாது. மூவரும் ஒன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இந்தியாவில் கோல்ஃபுக்குள் நுழைய இரண்டு வாசல்கள். ஒன்று உறுப்பினரின் பிள்ளையாகப் பிறப்பது, மற்றது உறுப்பினரின் பையைத் தூக்குவது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வாசல் மிகவும் குறுகல். அதன் வழியாக வந்த சிலரில் இவர் ஒருவர். 2015 இறுதியில் ஐரோப்பிய மகளிர் டூரின் தகுதிப் போட்டியில் முதலிடம். மறு ஆண்டே குர்காவ்னில் மகளிர் இந்தியன் ஓப்பனை வென்று அந்த டூரில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ரியோ ஒலிம்பிக்கில் 18 வயதில் ஆடியதும் அதே ஆண்டுதான்.

புல்லைப் படிப்பது

தொழில்முறைப் போட்டி பெரும்பாலும் வியாழக்கிழமை தொடங்கும். ஆட்டக்காரருக்கு வாரம் திங்கள் அல்லது செவ்வாயிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் மைதானத்தைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் வரைபடம் உள்ள சிறிய கையேடு ஒன்று உண்டு. மணல்பள்ளம் எத்தனை கெஜத்தில், தண்ணீர் எங்கே, கிரீனின் முன் விளிம்பு எவ்வளவு தூரம் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆட்டக்காரரும் பை தூக்கும் கேடியும் நடந்து பார்த்து அதில் தங்கள் குறிப்புகளைச் சேர்ப்பார்கள். எந்தப் பக்கம் தவறினால் பிழைக்கலாம், எந்தப் பக்கம் தவறினால் தொலைந்தோம் என்பதுதான் முக்கியமான குறிப்பு. குழி இருக்கும் இடமும் தினமும் மாறும். காலையில்தான் அன்றைய இடங்களைக் காட்டும் தாளைக் கொடுப்பார்கள்.

கிரீனின் சரிவுகளை அம்புக்குறியிட்டுக் காட்டும் நுட்பமான புத்தகங்களும் முன்பு புழக்கத்தில் இருந்தன. 2022 ஜனவரி முதல் பெரிய டூர்களில் அவற்றுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. சரிவைக் கண்ணாலும் காலாலும்தான் அறிய வேண்டும். இதனால் அதிதி போன்றவர்களுக்குத்தான் லாபம் என்று எண்ணத் தோன்றுகிறது. காசு கொடுத்து வாங்கக்கூடிய அறிவு ஒன்று சந்தையிலிருந்து மறைந்தது. சம்பாதிக்க வேண்டிய அறிவு மிஞ்சியது.

ஊருக்கு ஊர் தூரமும் மாறும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று கொஞ்சம் லேசு. அங்கே அடித்துப் பழகிய பந்து கடலோர ஊரில் மூன்று நான்கு சதவீதம் குறைவாகப் போகும். 150 கெஜ அடியில் ஐந்து கெஜம் குறையும். எட்டடியில் நிற்க வேண்டிய பந்து இருபதடிக்கு மேல் தள்ளி நிற்கும் என்று அர்த்தம். எட்டடியில் பாதி வாய்ப்பு, இருபதடியில் ஏழில் ஒரு வாய்ப்பு. வந்து இறங்கும் ஊரில் ஒவ்வொரு மட்டைக்கும் தூரத்தைப் புதிதாக அளந்து எழுதுவதற்குக் காரணம் இந்த ஐந்து கெஜம்தான்.

கசுமிகசேகி டோக்கியோவுக்கு வடமேற்கே சைதாமா மாவட்டத்தில் இருக்கும் பழைய கிளப். 1929இல் தொடங்கியது. ஒலிம்பிக்கை முன்னிட்டு அமெரிக்க வடிவமைப்பாளர் டாம் ஃபாசியோவும் அவர் மகன் லோகனும் அதன் கிழக்கு மைதானத்தை மாற்றியமைத்தார்கள். ஜப்பானில் கோராய் என்று சொல்லப்படும் புல் அங்கே ஃபேர்வேயில் உண்டு. விறைப்பான புல், பந்து அதன்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும், கீழே புதையாது. நீண்ட மட்டையால் இரண்டாவது அடி அடிக்க வேண்டியவருக்கு இது வரம். அதிதியின் பையில் நீளமான இரும்பு மட்டைகளுக்குப் பதிலாக ஹைபிரிட் எனப்படும் கலப்பு மட்டைகள் உண்டு. அவற்றை அந்தப் புல்லில் அவர் கூசாமல் பயன்படுத்தினார்.

மிச்சம் எல்லாம் பயிற்சித் தரையில். அங்கே வருபவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அழகான காட்சி எதுவும் இருக்காது. மூன்றடி தூரத்தில் குழியைச் சுற்றிப் பந்துகளைக் கடிகார முள் போல வைத்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவது. ஒன்று தவறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பது. புட்டரின் அகலத்துக்கு ஒரு மயிரிழை அதிகமாக இடம் விட்டு இரண்டு குச்சிகளை நட்டு, அவற்றைத் தொடாமல் நூற்றுக்கணக்கான முறை உருட்டுவது. நூறு கெஜத்துக்கு உள்ளே ஒவ்வொரு பத்து கெஜத்துக்கும் கையை எவ்வளவு பின்னே இழுக்க வேண்டும் என்று உடம்புக்குச் சொல்லித் தருவது. சங்கீதப் பிள்ளைகள் விடியற்காலையில் சரளி வரிசை பாடுவதுபோன்ற வேலை. கேட்பவருக்கு அலுப்பு, பாடுபவருக்கு அதுதான் மூலதனம்.

மூன்று நிமிட ஆட்டம்

ஒரு நாள் ஆட்டம் நான்கரை மணி, ஐந்து மணி நேரம். அதில் அடிப்பது எழுபது சொச்சம் தடவை. ஒரு வீச்சுக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும் மட்டை அசையும் நேரம் மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மீதி நேரம் நடை, காத்திருப்பு, யோசனை. போன குழியில் செய்த தவறை அசைபோட இதைவிட வசதியான விளையாட்டு கிடையாது. அனிர்பன் லாஹிரி இளம் வயதிலிருந்தே விபாசனா தியானம் செய்வதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அதிதியிடம் அப்படிப் பெயர் சொல்லக்கூடிய முறை எதுவும் வெளியே தெரியாது. பேர்டி அடித்தாலும் போகி அடித்தாலும் முகம் ஒரே மாதிரி இருக்கும். டோக்கியோவில் ரசிகர்கள் அனுமதிக்கப்படாத வெறிச்சோடிய மைதானத்தில் அந்த முகம் இன்னும் அமைதியாகத் தெரிந்தது.

ரியோவில் பையைத் தூக்கியவர் அப்பா. டோக்கியோவில் அம்மாவின் முறை. வீட்டில் ஏற்கனவே பேசி முடித்த ஏற்பாடு. ஆகஸ்ட் மாத ஜப்பானிய வெயிலில் முதல் நாளே அமெரிக்க வீராங்கனை ஒருவரின் கேடி தாக்குப்பிடிக்க முடியாமல் பாதியில் விலகினார். மகேஷ்வரி நான்கு நாளும் தூக்கினார்.

புயல் ஒன்று நெருங்குவதால் போட்டியை மூன்று நாளோடு முடித்துவிடலாமா என்ற பேச்சும் அந்த வாரம் இருந்தது. முடித்திருந்தால் அதிதிக்கு வெள்ளி. அதிகாரிகள் அதற்குப் பதிலாக நேரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள். கடைசி நாளில் கோ இரண்டு ஷாட் பின்னாலிருந்து கிளம்பி 65 அடித்தார். அதிதி 5, 6, 8வது குழிகளில் பேர்டி, 9, 11இல் போகி, 13, 14இல் மறுபடியும் பேர்டி. 16 குழிகள் முடிந்தபோது இடி மின்னல் வந்து ஆட்டம் நின்றது. அப்போது அதிதியும் கோவும் மூன்றாம் இடத்தில் சமம். ஐம்பது நிமிடம் போலக் காத்திருந்துவிட்டு இரண்டு குழிகளை ஆடத் திரும்பினார்கள். 17இல் கோவுக்கு பேர்டி, அதிதிக்கு பார். அவ்வளவுதான்.

வேறு எந்தப் போட்டியாக இருந்தாலும் நான்காவது இடம் சந்தோஷம் தந்திருக்கும், ஒலிம்பிக்கில் அப்படிச் சொல்ல முடியவில்லை என்றார் அதிதி அன்று. டூரில் நான்காவது வந்தால் காசோலையாவது வரும். ஒலிம்பிக்கில் அதுவும் இல்லை.

மறுகணக்கு

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர் செய்யும் முதல் மறுபரிசீலனை கட்டாயமானது: மதிப்பெண் அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது. அசல் கணக்கைவிட ஒரு குழியில் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் தகுதி நீக்கம். கூட்டி எழுதினால் கூட்டியதே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17வது குழியில் மூன்று அடித்தார். உடன் ஆடியவர் அட்டையில் நான்கு என்று எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார். முதலிடத்தைப் பகிர்ந்து கூடுதல் ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டியவர், ஒரு ஷாட்டில் இரண்டாவது ஆனார். ஒரு ஷாட்டை இதைவிட அநியாயமாக இழந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

இரண்டாவது மறுபரிசீலனை அறைக்குத் திரும்பிய பின். ஒவ்வொரு குழியிலும் ஃபேர்வே கிடைத்ததா, எத்தனை கெஜத்திலிருந்து எத்தனை அடி தூரத்தில் நிறுத்தினோம், எத்தனை புட் என்று எழுதிப் பார்ப்பது. நடப்பது எது, நேர்வது எது என்று பிரிப்பதுதான் இதன் வேலை. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியில் லாஹிரி 276 அடித்து ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித்திடம் ஒரே ஷாட்டில் தோற்றார். 18வது குழியில் அவருடைய பேர்டி முயற்சி பலிக்கவில்லை. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். ஆனால் அன்று 8வது குழியில், அதுவும் மூன்றடிக் குழியில், அவர் ஐந்து அடித்திருந்தார். அதே நாளில் ஸ்மித் பத்து பேர்டி அடித்தார் என்பதும் கணக்கில் வர வேண்டும். எதிராளி அப்படி ஆடினால் அதைச் சரிசெய்ய எந்தப் பயிற்சியும் கிடையாது.

அதிதிக்கு ரியோ ஒரு பாடம். முதல் இரண்டு நாள் 68, 68 அடித்து முதல் பத்து பேரில் இருந்தவர், அடுத்த இரண்டு நாளில் 79, 76 அடித்து 41வது இடத்துக்குச் சரிந்தார். ஐந்து ஆண்டு கழித்து டோக்கியோவில் நான்கு நாளும் 68க்கு மேல் போகவே இல்லை. டோக்கியோ சொன்ன பாடம் இன்னும் கசப்பானது. புட்டிங்கில் எல்லோரையும்விட நன்றாக ஆடியும் நான்காவது இடம்தான் என்றால், புட்டிங்கில் இனி எடுக்க எதுவும் இல்லை. பிராடியின் எண்கள் சொன்ன இடத்துக்கே போக வேண்டும். உடற்பயிற்சியில் கவனம் செலுத்தி நீளத்தைக் கூட்டினார். கையிலிருக்கும் வித்தையை நம்பி வாழ்ந்தவர் இருபத்தைந்து வயதுக்குள் வீச்சையும் உடம்பையும் மாற்றத் துணிவது சின்ன விஷயமல்ல. அப்படி மாற்றப் போய் இருந்ததையும் இழந்தவர்கள் கோல்ஃபில் நிறையப் பேர்.

2023 அதற்குப் பலன் தந்தது. பிப்ரவரியில் கென்யா ஓப்பனில் ஒன்பது ஷாட் வித்தியாசத்தில் வெற்றி. ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் எல்பிஜிஏ போட்டியில் மூவர் கூடுதல் ஆட்டம் வரை போய், ஹன்னா கிரீனிடம் பட்டத்தை இழந்தார்.

அக்டோபர் முதல் தேதி ஹாங்சோவ் ஆசிய விளையாட்டு. மூன்றாம் நாள் 61 அடித்திருந்தார் அதிதி. இரண்டாவது இடத்தில் இருந்தவரைவிட ஏழு ஷாட் முன்னிலையோடு கடைசி நாள் கிளம்பினார். முடித்தபோது கையில் 77. ஒரு பேர்டி, நான்கு போகி, ஒரு குழியில் பாருக்கு இரண்டு கூடுதல். தாய்லாந்தின் அர்பிச்சயா யூபோல் 68 அடித்து 269இல் தங்கம் வாங்கினார். அதிதி 271, வெள்ளி. கடைசி நாளில் 74 அடித்திருந்தால்கூடத் தங்கம்தான். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் வாங்கிய முதல் பதக்கம் அது என்பது தலைப்புச் செய்தி ஆகவில்லை. ஏழு ஷாட் போனதுதான் ஆனது.

ஏழு ஷாட் போவது அதிசயமும் அல்ல. 2015 இந்தியன் ஓப்பனின் கடைசி நாள் காலையில் முன்னணியில் இருந்த சௌராசியாவைவிட லாஹிரி ஏழு ஷாட் பின்னால் இருந்தார். மாலையில் கூடுதல் ஆட்டத்தில் கோப்பையை வாங்கினார். அதற்கு மறு ஆண்டு, அதே டெல்லி மைதானத்தில், சௌராசியா லாஹிரியை இரண்டு ஷாட்டில் வென்றார். தோற்ற நாளின் அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்கள் இவர்கள்.

அதிதிக்கு ஓர் ஆண்டுகூடத் தேவைப்படவில்லை. ஹாங்சோவ் முடிந்து எட்டு வாரத்துக்குள், நவம்பர் 26 அன்று, ஸ்பானிஷ் ஓப்பனில் கடைசி நாள் வரை முன்னணியில் போராடி ஐரோப்பிய டூரில் தன் ஐந்தாவது பட்டத்தை வென்றார். 2024இல் பாரிசில் 29வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஒலிம்பிக் கோல்ஃபில் அது அவருடைய மூன்றாவது முறை. அந்த ஆண்டு வரை மூன்று ஒலிம்பிக்கில் கோல்ஃப் ஆடிய இந்தியர் வேறு யாரும் இல்லை.